ஒன்பது ஆணி

கொடி இறங்குவதாக இல்லை. கில்தாஸ் கயிற்றைப் பிடித்துத் தொங்கியே பார்த்துவிட்டான்.

"என்னய்யா பண்றே? சரணடையச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு?" தொடையில் கட்டோடு பீப்பாயில் சாய்ந்திருந்த கேப்டன் கத்தினார்.

"காலையில நீங்கதானே ஐயா, எவனும் எறக்க முடியாதபடி ஆணி அடிக்கச் சொன்னீங்க."

"எத்தனை அடிச்சே?"

"ஒன்பது."

"மூணு போதும்னு தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றான் எர்வே. கில்தாஸின் தங்கை புருஷன். ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். "கப்பல் பாய் தைக்கிறவன் கையில சுத்தியலக் குடுத்தா இப்படித்தான்."

அவர்களுடைய சேன்த் நோல்வென் பத்தொன்பது வருஷமாகக் கடலில் இருக்கும் பிரெஞ்சுப் போர்க்கப்பல். இரண்டு முறை பாறையில் மோதியது, நாலு சர்க்கரைக் கப்பல்களைப் பிடித்தது, ஒருமுறைகூடக் கொடி இறக்கியதில்லை. பழக்கமில்லாத வேலை யாருக்குத்தான் சரியாக வரும்? இதற்குள் முப்பது பேர் செத்திருந்தார்கள். கொடி நிற்கும்வரை இங்கிலீஷ்காரன் சுடுவதை நிறுத்தப் போவதில்லை. புகையில் அவன் கப்பல்கூடச் சரியாகத் தெரியவில்லை.

ஊரில் தங்கைக்கு நிறைமாதம். எர்வேயை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக அவளிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான் கில்தாஸ்.

"கம்பத்தை வெட்டிடட்டுமா ஐயா?"

"அரசர் கொடிய எறக்கலாம், வெட்டக் கூடாது. வெட்டினா ஊர்ல என் தலைய எடுத்துடுவாங்க."

கில்தாஸ் ஓடிப்போய்க் கேப்டனின் சாப்பாட்டு மேசை விரிப்பை உருவி வந்தான். வெள்ளைத் துணி. சாற்றுக் கறையோடு அதை நடுப் பாய்மரத்தில் ஏற்றினான். குண்டு மழை இரண்டு மடங்காயிற்று.

"அடப்பாவி மச்சான், நம்ம அரசர் கொடியே வெறும் வெள்ளைத் துணிதானே," என்றான் எர்வே. "ரெண்டாவது கொடி ஏத்திச் சவால் விடறோம்னு நெனச்சுட்டான்."

கேப்டன் பீரங்கிகளை நிறுத்தச் சொன்னார். இவர்கள் தன் கப்பலுக்குத் தாவி ஏறத்தான் தயாராகிறார்கள் என்று எதிரி சில்லுக் குண்டு போட்டான். மேசை விரிப்பு நார் நாராகக் கிழிந்து போனது. ஆணியடித்த கொடி மட்டும் அசையவில்லை.

எர்வே குறடு ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினான்.

"வேணாம் மாப்ள. அடிச்சவன் நான், நானே ஏறிப் பிடுங்குறேன்."

"உன் கனத்துக்குக் கம்பமே முறிஞ்சிடும் மச்சான். பாவம், கேப்டன் தலை போயிடும்."

நாலு ஆணிகள் கீழே விழுந்தன. ஐந்தாவதோடு எர்வேயும் விழுந்தான்.

கில்தாஸ் அவனை மடியில் கிடத்திக் கூப்பிட்டுப் பார்த்தான். மூச்சு நின்றிருந்தது. மூன்றே மூன்று அடித்திருந்தால் மாப்பிள்ளை எப்போதோ இறங்கி வந்திருப்பான். கில்தாஸ் வாய்விட்டு அழுதான். பிறகு கோடரியை எடுத்து, கேப்டன் கத்தக் கத்த, கம்பத்தை வெட்டிக் கடலில் தள்ளினான்.

பீரங்கிச் சத்தம் நின்றது.

படகில் வந்த இங்கிலீஷ்காரர்களில் ஒருவன் ஜெர்சித் தீவுக்காரன், பிரெஞ்சு தெரிந்தவன். எர்வேயின் கையில் இருந்த வளைந்த ஆணியை வெகுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"உங்க ரெண்டாவது கொடியப் பாத்ததுமே எங்க கேப்டன் சரணடையச் சொல்லிட்டாருண்ணே. கொடி எறங்கற வரைக்கும் நீங்க விடமாட்டீங்கன்னுதான் சுட்டுக்கிட்டே இருந்தோம். எங்க கொடியில பன்னண்டு ஆணி, பத்து பிடுங்கிட்டோம்."