நாலு கடையும் ஒரு பாதுகாப்பு அதிகாரியும்

வருஷத்தில் ஒரே ஒரு நாள் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாழ்ந்து பார்த்துவிடுவது என்று பாதுகாப்பு அதிகாரி முடிவு கட்டினார். விடுமுறையன்று பல் டாக்டர், போட்டோ ஸ்டுடியோக்காரர் என்று இரண்டு சிநேகிதர்களோடு நாலு பார். ஒன்று விட்டால் அடுத்தது, எல்லாம் நடந்தே. மாட்டிக்கொண்டால் இந்த ஜென்மத்தில் இனி விடுமுறை என்றால் பரண் சுத்தம் செய்வதுதான். அது அவருக்கே தெரியும்.

சும்மா கிளம்பிவிடுகிற ஆளா? தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தே பிழைத்தவர். கல்யாண வீட்டில்கூட, தப்பி ஓட வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பத்துப் பக்கத்துக்குத் திட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டு, நாலு கடைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினார்.

வீட்டில், "ஆபீஸ்ல பயிற்சி வகுப்பு" என்றார்.

"லீவு நாள்லயா?"

"லீவு நாள்லதாம்மா விபத்து ஜாஸ்தி நடக்குது."

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். வேறு ஒரு கேள்வி இல்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நடுப்பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. முதல் பாரில் நாற்காலிகளெல்லாம் மேஜைமேல் தலைகீழாகக் கிடந்தன, ஒரு மேஜையைத் தவிர. அதைச் சுற்றிச் சரியாக மூன்று நாற்காலி. பல் டாக்டருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரருக்கும் பீர் வந்தது. அதிகாரியின் முன்னால் எலுமிச்சை ஜூஸ். சர்க்கரை இல்லை, இரண்டு சிட்டிகை உப்பு. வீட்டில் எப்படியோ அப்படி.

"நான் இது கேக்கலையேப்பா."

"சொல்லிட்டாங்க சார்."

"யாரு?"

பரிமாறியவன், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தான்.

இரண்டாவது பாரிலும் ஜூஸ் முந்திக்கொண்டு காத்திருந்தது. அங்கே ஒரு நாற்காலியில் மட்டும் இடுப்புக்கு அணைவாக ஒரு தலையணை. அதிகாரியின் இடுப்புவலி ஊருக்குத் தெரியாத சமாசாரம். தொட்டுப் பார்த்தார். தலையணை வெதுவெதுவென்று இருந்தது.

"யோவ், நமக்கு முன்னாடி யாரோ இங்க உக்காந்து எழுந்து போயிருக்காங்கய்யா" என்றார் பல் டாக்டர். மறு நிமிஷம் போனைக் காதில் வைத்தார். யாரோ ஒரு நோயாளி வலியில் துடிக்கிறாராம், கிளம்பிவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

மூன்றாவது பார் நிலவறையில். படி இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. கல்லாவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி ஒருவன் நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சா சார்?"

ஸ்டுடியோக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "செத்தவங்க போட்டோவுக்கே கண்ணைத் திறந்த மாதிரி வரைஞ்சு குடுத்தவன்யா நான். எனக்கே உதறுது." இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டார்.

அதிகாரியும் ஓடியிருக்கலாம். ஆனால் திட்டத்தில் நாலு என்று இருக்கிறதே. கையெழுத்துப் போட்டதைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. வெறிச்சோடிய தெருவில் தனியாக நடந்தார். பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. திரும்பினால் யாருமில்லை.

நாலாவது பாரின் கதவு, அவர் கை வைப்பதற்கு முன்பே திறந்தது. உள்ளே அரை இருட்டு. மூன்று உருவங்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்தின. பல் டாக்டரின் மனைவி, ஸ்டுடியோக்காரரின் மனைவி, நடுவில் அவருடைய சொந்த மனைவி. மேஜையில் அந்தப் பத்துப் பக்கம்.

"வாங்க. வகுப்பு முடிஞ்சுதா?"

"உனக்கு... எப்படிம்மா?"

"யாரோ கிறுக்கன் எழுதியிருக்கான்னு நாலு கடையிலேர்ந்தும் போன் வந்துது. ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என் நம்பரைத்தானே போட்டிருக்கீங்க?"

இருபத்திரண்டு வருஷத்துக் கை. கேட்காமலே எழுதித் தொலைத்திருக்கிறது.

அவள் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினாள். "ஒருத்தர் கடைசி வரைக்கும் குடிக்காம இருந்து மத்தவங்களைப் பத்திரமா வீட்ல சேக்கணும்னு போட்டிருக்கீங்க. ரொம்ப நல்ல விதி. அதான் உங்களுக்கு முன்னாடியே மூணு கடைக்கும் போயி ஜூஸ், தலையணை, மாத்திரை எல்லாம் சொல்லி வச்சேன்."

கார் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"வண்டியிலேயே இருங்க. உங்க லிஸ்ட் எங்களுக்குப் பத்தல, இன்னும் மூணு கடை சேத்திருக்கோம்."