அலுமாரிக்குப் போய்ப் படகோடு வந்தவன்

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்.

கண்ணியத்துக்குரிய மச்சான் நஸீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் பிள்ளைகளும், செவ்வாய்க்கிழமை முதல் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி பாயிஸாவும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய் எழுதிய பாவம் வரும், ஆகையால் விடுகிறேன். பக்கத்து அக்குறணைக்குக் கடிதமா என்று கேட்பீர்கள். நீங்கள் என் ஃபோனை எடுப்பதில்லை; நேரில் வந்தால் உங்கள் தங்கச்சி கேட்டைத் திறக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் மகள் ரிப்காவின் மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ் நாள் சொல்ல வருகிறார்கள். பெண்ணின் உம்மா வீட்டில் இல்லாவிட்டால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? குடும்பத்தில் ஏதோ கோளாறு என்று எழும்பிப் போய்விடமாட்டார்களா? அதனால் நாளை மாலைக்குள் எப்படியாவது பேசி அவளை அனுப்பி வையுங்கள். அவள் தன் பக்கத்தை அழுதழுது சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கடுகண்ணாவையில் பழைய தளபாடக் கடைகளில் நல்ல அலுமாரி கிடைக்கும், கலியாணத்துக்குப் பிறகு நம் வீட்டில் இருக்கப்போகும் மாப்பிள்ளையின் அறைக்கு ஒன்று பார்த்து வாருங்கள் என்று என்னை அனுப்பியதே அவள்தான். பார்த்தேன். அலுமாரிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி ஒரு சின்னப் பாய்ப்படகு நின்றது. யாரோ தோட்டத்துத் துரை ஒரு காலத்தில் குளத்தில் ஓட்டியதாம். விலையோ அலுமாரியின் விலையில் பாதிகூட இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பருவக்காற்றைப் படிப்பித்துவிட்டு ஒரு காற்றையும் பிடித்துப் பார்க்காமல் பென்ஷன் வாங்குகிறவன் நான், அதுவும் பென்ஷன் வந்த நாள் முதல் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கும் சந்திக்கும் நடக்கிறவன், கை சும்மா இருக்குமா சொல்லுங்கள்? லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். பாயிஸா வாசலில் நின்று பார்த்தாள். "அலுமாரிக்குப் போன மனிசன் தோணியோட வந்தீக்கிறீங்க! கட்டுகஸ்தோட்டைல எங்க ஈக்கி கடல்?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் படகைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

பலகைகளுக்கு இடையே விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. எனக்குப் படகு தெரியாது, ஆகவே தெரிந்தவனைப் பிடிப்போம் என்று நம் சந்தியில் முச்சக்கரவண்டிகளுக்கு டிங்கர் வேலை செய்யும் சுமனைக் கூட்டி வந்தேன். அவன் படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "ஒண்ணும் பயப்படாதீங்க சேர், பட்டி போட்டு இழுத்துட்டா காரு மாதிரி ஆயிரும்" என்றான். அவனுக்கும் படகு தெரியாது என்பதை இரண்டு பேருமே அப்போது கவனிக்கவில்லை. வாகனத்துக்குப் பூசும் அந்தப் பட்டியை வெடிப்பு முழுக்க அடைத்துக் கல்லு மாதிரி இறுக்கிவிட்டோம். காய்ந்த பலகை தண்ணீர் குடித்தால் ஊதும், ஊத இடம் வேண்டும் என்றுதான் அந்த வெடிப்பே இருந்தது என்று யார் கண்டது? பாய்க்குத் துணி வேண்டியிருந்தது, மாப்பிள்ளை அறைத் திரைச்சீலை சும்மா மடித்துக் கிடந்தது, அதையும் தைத்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன! பாய்மரத்துக்கு வார்னிஷ் அடித்தேன், முற்றத்தில் தூசு, ஆகையால் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு மாப்பிள்ளைக் கட்டிலின் மேல் காய வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் சம்பந்தியார் பளீல் ஹாஜியாரும் அவருடைய மனைவி சித்தி றலியாவும் அறையைப் பார்க்க வந்தார்கள். சம்பந்தியம்மா அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழும்பவில்லை. வார்னிஷ் புடவையைப் பிடித்துக்கொண்டது. நான் அங்கே இல்லை. முதல்நாள் இரவு மழையில் தார்ப்பாய் பறந்து படகு நிறையத் தண்ணீர் நின்றது, ஒரு சொட்டு ஒழுகவில்லை, அந்தப் பெருமையில் ஹாஜியாரை முற்றத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். "பாருங்கோ ஹாஜியார், எப்பிடி வேல!" என்று சொல்லி வாய் மூடவில்லை, பட்டென்று ஒரு பட்டிக்கட்டி தெறித்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. பிறகு பட பட பட என்று வரிசையாகப் பெருநாள் வெடி. உள்ளே நின்ற தண்ணீர் முழுக்க வெளியே பாய்ந்து, வாசலில் கழற்றிவைத்த செருப்புகள் எல்லாம் கேட் வரைக்கும் போய்விட்டன. படகைத் தவிர மற்ற எல்லாம் மிதந்தது.

ஹாஜியார் ஒரு வார்த்தை பேசவில்லை, மச்சான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். படகையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார், போகும்போது "ஞாயிறு வந்து சொல்றோம்" என்றார், அவ்வளவுதான். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பாயிஸா பேக்கைத் தூக்கினாள். "என்ட மகள்ட கலியாணம் இந்தத் தோணியால முறிஞ்சா ஒங்கள நான் மன்னிக்க மாட்டேன். நான் நானாட ஊட்டுக்குப் போற" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்காவின் கோபம் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. இந்த வரியை எழுதுவதற்குள் நாலு தரம் எழும்பி வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். பஸ் நின்றால் அவளோ என்று பார்க்கிறேன். அவ ஏசினாலும் பரவாயில்ல மச்சான், ஏச அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க ஏலா. இது சத்தியம். சொல்லுங்கோ அவக்கிட்ட. தோணி இண்டைக்கே போகுது. கடுகண்ணாவைக் கடைக்காரன் ஜும்ஆவுக்குப் பிறகு லொறி அனுப்புகிறான், அதே லொறியில் அலுமாரியும் வருகிறது. இனி என் வாயில் படகு என்ற சொல்லே வராது. அவள் வந்து பார்க்கும்போது முற்றம் துப்புரவாக இருக்கும், நான் கதிரையில் ஒரு மூலையில் அடங்கி இருப்பேன்.

மதினிக்கு என் ஸலாம். உங்கள் கடையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. எனக்கும் கொஞ்சம் புத்தி கேட்டு துஆ செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
மஹ்மூத்

பி.கு: எழுத்து குலுங்கியிருப்பதற்கு மன்னிக்கவும், லொறியின் முன்சீட்டில் இருந்து எழுதுகிறேன். அலுமாரியை இறக்கிப் படகை ஏற்றும் நேரத்தில் ஹாஜியார் வந்து நின்றார். "சேர், அதக் குடுத்துடாதீங்கோ" என்றார். அன்றைக்கு வாய் திறந்தால் மனைவி காதுபடப் படகு ஆசை வெளியே வந்துவிடும் என்றுதான் பேசாமல் நின்றாராம்! திகணைப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் அவருக்குத் தெரிந்தவரின் காணி இருக்கிறது, பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பலகை ஊறும்வரை படகைத் தண்ணீரில் போட்டு வைக்கப் போகிறோம். நிக்காஹ் நாளை லொறியிலேயே பேசி முடித்துவிட்டோம், கலியாணத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருப்போமா என்பது சந்தேகம், பாயிஸா வந்தால் பக்குவமாகச் சொல்லுங்கள். கடிதத்தை அக்குறணை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹாஜியார் தன் மச்சானின், அதாவது சித்தி றலியாவின் நானாவின், விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறார்; பெயர்களை மட்டும் மாற்றி இதே கடிதத்தை அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.