கடைசி வில்லை

சுத்தமான தண்ணீரில் போட்ட வில்லை அணைந்துபோனது.

ஆராய்ச்சியாளர் விளக்கைத் தட்டிப் பார்த்தாள். விளக்கின் மேல் குற்றமில்லை. இறால் ஓட்டைக் கரைத்து, பக்குவப்படுத்தி, ஒளிரும் சாயம் ஏற்றி, இரண்டு வருஷம் மாரடித்துச் செய்த வில்லை அது. ஊதா விளக்கின் கீழே நல்ல தண்ணீரில் பச்சையாக ஒளிர வேண்டும். செம்பு கலந்த தண்ணீரில் மட்டும்தான் அணைய வேண்டும். பதினோரு மணிக்கு இதைப் பார்வையிட அதிகாரி வருகிறார். அவர் கண்முன்னால் வில்லை சொதப்பினால், இந்த அறையைப் பழைய கோப்புகள் போட்டுவைக்க எடுத்துக்கொள்வார்கள்.

"அண்ணே, இது குழாய்த் தண்ணிதானே? நேத்து வரைக்கும் இதுல பளிச்சுன்னு எரிஞ்சுதே!"

"குடுவையில அழுக்கு இருக்கும்மா," என்றார் ஆய்வக உதவியாளர். பதினெட்டு வருஷமாக எந்தக் கோளாறுக்கும் அவர் சொல்லும் காரணம் இது ஒன்றுதான்.

இருவரும் அத்தனை குடுவைகளையும் குழாயடியில் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தார்கள். அடுத்த வில்லையும் அணைந்தது. முன்பு ஒரு குடுவை மேல்தான் சந்தேகம், இப்போது நாற்பது குடுவைகள் மேலும்.

"வில்லை மேல தூசி படிஞ்சிருக்குமோ?"

மிச்சமிருந்த இருபத்து மூன்று வில்லைகளையும் வடிகட்டியில் கொட்டிக் குழாயில் அலசினாள். சோதனைக்குப் போகும் முன்பே அத்தனையும் அணைந்து கிடந்தன. டப்பாவின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றே ஒன்று தப்பியது.

சரி, ஒப்பிட்டுக் காட்டக் கழிவுநீராவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. செம்பு முலாம் பூசும் பட்டறை வழியாக வரும் தண்ணீர் லாரி டிரைவரிடம், அங்கிருந்து ஒரு பாட்டில் கழிவுநீர் பிடித்துவரச் சொல்லி இரண்டு நாளாகிறது.

"பேசாம பச்சைப் பெயிண்ட் அடிச்சிடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ணே."

அதிகாரி வந்தார். வெயிலில் வந்த களைப்பில் மடமடவென்று இரண்டு தம்ளர் குழாய்த் தண்ணீர் குடித்தார். மூன்றாவது தம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. இதுலயே போட்டுக் காட்டுங்க."

தம்ளரை ஊதா விளக்கின் கீழே நகர்த்தி, அவள் கடைசி வில்லையைப் போட்டாள். அது சட்டென்று அணைந்தது.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நான் குடிச்சது கழிவுத் தண்ணியாம்மா?"

"என் வில்லை பொய் சொல்லாது சார்." அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. "வில்லை சரியில்லைன்னு எழுதாதீங்க. முதல்ல தண்ணியைச் சோதிக்கச் சொல்லுங்க."

"கண்ணால பார்த்தாச்சு, இதுக்கு மேல என்ன சோதனை?" அவர் பேனாவைத் திறந்தார். தம்ளரிலிருந்து வில்லையை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரையும் வாயில் ஊற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டிய சீட்டோடு வாசலில் வந்து நின்றார் லாரி டிரைவர்.

"ஒரு பாட்டில்தானே கேட்டேன்? எங்க அது?" என்று அவர்மேல் பாய்ந்தாள்.

"பாட்டில் கிடைக்கலை மேடம். அதான் பட்டறைத் தண்ணியை லாரியிலயே பிடிச்சுட்டு வந்து, காலையில மாடித் தொட்டி நிறைய ஊத்திட்டேன். வேணுங்கற அளவு தாராளமா எடுத்துக்குங்க."