இரண்டு எட்டுகள் குறித்த கருத்துக் கேட்பு

எங்கள் நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். ஜூலை மாதம் ஒருவர் மட்டும் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. மற்ற ஏழு பேரும் தீவுக்கோ ஏரிக்கரைக்கோ போய்விடலாம். ஸ்வீடனில் வெயில் என்பது ஜூலையில் மட்டும் வழங்கப்படும் சலுகை. ஆகவே அந்த ஒருவர் யார் என்று பிப்ரவரியிலேயே கூட்டம் போட ஆரம்பிப்போம். யார் மனமும் கோணாமல் முடிவெடுப்பது எங்கள் வழக்கம். மே வரைக்கும் பேசி, யார் மனமும் கோணாமல், ஹில்லேவியைப் போடுவோம். பதினொரு வருடமாக இப்படித்தான்.

ஹில்லேவி பால்கனி விண்ணப்பங்களைப் பார்ப்பவள். அவளுடைய அக்காவுக்குக் கடலோரத்தில் ஒரு வீடு இருக்கிறது. ஹில்லேவி அதை அக்டோபரில்தான் பார்த்திருக்கிறாள். அக்டோபரில் அந்தக் கடலில் வாத்துகளே யோசித்துத்தான் இறங்கும். இந்த வருடம் ஜூலையில் ஒரு நாளாவது அதில் நீந்திவிட வேண்டும் என்று இருந்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு கூட்டம் போடுவோம்.

அப்போதுதான் ஃபாபியன் என்ற ஆலோசகர் வந்தார். போன வருட ஆலோசகர் எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மரங்களைக் கட்டிப்பிடிக்க வைத்தார். இவர் போக்கர்காரர். முடிவெடுக்கும் துணிவு போக்கரில்தான் வளருமாம், பெரிய நிறுவனங்களில் எல்லாம் இப்போது இதுதானாம். எனவே ஜூலைப் பிரச்சினை போக்கர் வழியாகத் தீர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அவரவர் மேஜையிலிருந்தே இணையத்தில் ஆட வேண்டும். இருவர் இருவராக, ஆளுக்கு ஆயிரம் இலவசச் சில்லு. ஜெயித்தவர்கள் விடுமுறைக்குப் போகலாம். தோற்றவர்கள் தங்களுக்குள் மறுபடி ஆட வேண்டும். கடைசியில் மிஞ்சுபவருக்கு ஜூலை.

எங்கள் பிரிவுத் தலைவர் டோர்கெல் ஆடிய விதத்தைச் சொல்ல வேண்டும். சீட்டு வந்ததும் ஆயிரத்தையும் அப்படியே நடுவில் தள்ளிவிடுவார். எதிராளி ஒன்று தானும் ஆயிரத்தையும் வைத்து மோத வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சில்லு அவருக்குப் போய்விடும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். ஆகவே மரியாதையை ஒதுங்கித்தான் காட்ட முடிகிறது. ஒதுங்கினோம். இருந்தும் டோர்கெல் இரண்டு ஆட்டங்களில் தோற்றார். இரண்டு தடவையும் எதிராளி கைதவறி வேறு பொத்தானை அழுத்திவிட்டார். இருவரும் அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

கடைசியில் மிஞ்சியவர்கள் டோர்கெலும் ஹில்லேவியும். முதல் சீட்டு விழுந்தது. ஹில்லேவிக்கு இரண்டு எட்டு. டோர்கெல் ஆயிரத்தையும் தள்ளினார்.

எட்டு ஜோடி என்பது சங்கடமான சொத்து. ராஜா ஜோடி வந்தால் யோசிக்காமல் மோதலாம், இரண்டும் ஏழுமாக வந்தால் யோசிக்காமல் ஒதுங்கலாம். எட்டு ஜோடி நடுத்தரம். எதிலும் நடுத்தரத்தையே விரும்பும் நாங்கள் அதை முதல்முறையாகக் கையில் பிடித்துப் பார்த்துத் திகைத்தோம்.

முடிவெடுக்க முப்பது விநாடி உண்டு. அது மன அழுத்தம் தருகிறது என்று தொழிற்சங்கப் பிரதிநிதி சொன்னதால் கடிகாரம் நீக்கப்பட்டது. ஹில்லேவி நிதானமாக ஃபாபியனுக்கு எழுதினாள்: என்னிடம் இரண்டு எட்டு இருக்கிறது, என்ன செய்யலாம்? 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்று அவர் பதில் எழுதினார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அலுவலகத்தில் எழுதப்பட்ட கடிதம் பொது ஆவணம். ஆகவே அதற்கு எண் போடப்பட்டது. எண் போட்ட விஷயத்தைச் சம்பந்தப்பட்ட தரப்புகளின் கருத்துக்கு அனுப்பாமல் முடிக்க முடியாது. வெளிவாசல் மறைக்கப்படாதவரை ஆட்சேபம் இல்லை என்று தீயணைப்புத் துறை எழுதியது. எட்டுகள் பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது என்றது முதியோர் மன்றம். ஏரியின் தவளைகளுக்குப் பாதிப்பு உண்டா என்று ஆய்வு தேவை என்றது சுற்றுச்சூழல் பிரிவு. மூன்று வாரம் ஓடியது. ஆயிரம் சில்லும் நடுவிலேயே கிடந்தது.

எதிர்த்தரப்பு என்ற முறையில் டோர்கெலுக்கும் ஒரு பிரதி போனது. அன்று மூன்று மணிக் காப்பிக்கு அவர் ஹில்லேவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு எட்டாமே?"

"ஆமா."

"அதை வெச்சுக்கிட்டு என்னோட மோதப் போறியா?"

"கருத்துக் கேட்டிருக்கோம்," என்றாள் ஹில்லேவி.

மறுநாளே டோர்கெலின் கருத்து எழுத்துபூர்வமாக வந்தது. ஹில்லேவி ஒதுங்குவதே உகந்தது என்று அவர் பரிந்துரைத்திருந்தார். வந்த பதினாறு கருத்துகளில் தெளிவாக இருந்தது அது ஒன்றுதான். எனவே அதை ஏற்கலாம் என்று கூட்டத்தில் எல்லாரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன்.

ஹில்லேவி அசைக்கவில்லை. பதிவேட்டு அறைக்குப் போய், டோர்கெல் அதுவரை ஆடிய ஆட்டங்களின் பதிவைக் கேட்டாள். அதுவும் பொது ஆவணம், மறுக்க முடியாது. நாற்பத்தொரு தடவை சீட்டு வாங்கியிருக்கிறார், நாற்பத்தொரு தடவையும் தள்ளியிருக்கிறார். அதில் எட்டு ஜோடியை விடப் பெரிய ஜோடி இரண்டே தடவை. அடுத்த காப்பிக்கு அவளே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"டோர்கெல், நீ சீட்டுல என்ன பாத்துத் தள்றே?"

அவர் இலவங்கப்பட்டை போட்ட பன்னைப் பிய்த்துக்கொண்டே, ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "சீட்டை எங்க பாக்கறேன்? எதிர்ல யாருன்னு மட்டும்தான் பாப்பேன்."

"இந்தத் தடவையும் பாக்கலையா? மூணு வாரமாச்சே."

"எதுக்கு? எதிர்ல நீதானே."

ஹில்லேவி கோப்பையைக் கழுவி வைத்தாள். தன் மேஜைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். கைதவறி அல்ல.

டோர்கெலின் சீட்டு ராஜாவும் ஐந்தும். அவரும் அதை அப்போதுதான் பார்த்தார். நடுவில் ஐந்து சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ராணி, மூன்று, ஐந்து, ஒன்பது. கடைசிச் சீட்டுக்கு ஹில்லேவி கண்ணை மூடிக்கொண்டாள். நாலு. அவருக்கு இரண்டு ஐந்துதான், அவளுடைய இரண்டு எட்டு ஜெயித்தது. மன்னிப்புக் கேட்க அவள் போகவில்லை.

ஜூலை முழுக்க அவள் கடலில் கிடந்தாள். டோர்கெல் அலுவலகத்தில் தனியாக இருந்தார். கூட்டம் போட ஆள் இல்லை, கருத்துக் கேட்க ஒரு துறையும் திறந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே முறையில் வேலை பார்த்தார்: முன்னால் வந்ததையெல்லாம் தள்ளிவிட்டார். மூன்று வருடமாக எங்களிடம் நிலுவையில் இருந்த அறுநூற்றிருபது விண்ணப்பங்களும் அனுமதி பெற்றன. ஆகஸ்டில் நாங்கள் திரும்பியபோது ஊரெங்கும் பால்கனி முளைத்திருந்தது. மக்கள் அதில் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்தார்கள்.

நகர மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஒருவர் நாலு வாரத்தில் முடித்த வேலைக்கு மற்ற ஏழு பேர் எதற்கு என்று பணிவுடன் கேட்டிருந்தார்கள்.

காப்பிகூட இல்லாமல் உடனே கூடினோம். டோர்கெலை இனி ஜூலையில் தனியாக விடுவதற்கில்லை. அடுத்த ஜூலைக்கு ஹில்லேவியைப் போட வேண்டும் என்பது நாலு நிமிடத்தில் ஒருமனதாக முடிவானது. முதலில் உயர்ந்த கை, ஒரு மாதம் கடலில் கிடந்ததில் நன்றாகக் கறுத்து, தோளில் தோல் உரிந்துகொண்டிருந்தது.