டெல்பர்ட்டின் தொண்டை

தன் வழக்கில் தானே வாதாடுவது என்று டெல்பர்ட் தீர்மானித்துவிட்டார். ஓஹியோவின் அந்தச் சிற்றூரில் பொது அமைதியைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஞாயிறு காலை பக்கத்து வீட்டு வெர்ன் இலை ஊதும் மெஷினை முடுக்கியதும், இவர் குளியல் அங்கியோடு தன் கார்மேல் ஏறி நின்று, வாணலியைத் தட்டிக் கத்தினார். இறங்கச் சொன்ன போலீஸ்காரருக்காகவும் வாணலியில் தனியாக நாலு தட்டு.

எச்சரித்த பிறகும் தொடர்ந்ததால், அபராதத்தோடு முப்பது நாள் சிறையும் கிடைக்கலாம். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் போய்விடும். அரசு வக்கீலோ இறங்கி வந்தார்: கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போய், ஆறு மாதம் வம்பில்லாமல் இருந்தால் வழக்கைக் கைவிடுவதாகச் சொன்னார். மனைவி ஆர்லீன் ஒத்துக்கொள்ளச் சொன்னாள். டெல்பர்ட் மறுத்தார். கத்துவது பேச்சுரிமை, யாரும் மிரளாவிட்டால் குற்றமே இல்லை என்று நூலகத்தில் படித்து வந்திருந்தார். யாரும் மிரளவில்லை என்று சொல்ல ஆர்லீனையே சாட்சியாக அழைத்தார்.

பயந்தீர்களா என்று நீதிபதி அம்மாள் கேட்டார்.

"பயமா? இவர் கத்தினா வீட்டுப் பூனைகூட கண்ணு திறக்காதும்மா. வெர்ன் மெஷினை நிறுத்தவே இல்ல. பாவம், அவருக்குக் காதுலயே விழல."

மன்றம் சிரித்தது. டெல்பர்ட்டுக்கு வேண்டிய சாட்சியம் இதுதான். பேசாமல் இருந்தால் விடுதலை. ஆனால் அவர் கழுத்து சிவந்துவிட்டது. எழுந்துவிட்டார்.

"பொய்ம்மா. வெர்ன் மெஷினைக் கீழ போட்டுட்டு ஓடினான். மூணு தெருவும் ஜன்னலைத் திறந்து பாத்துச்சு. இவளே நடுங்கிப் போய்ட்டா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். அப்போதுதான் டெல்பர்ட்டுக்குத் தன் வாய் செய்த வேலை உறைத்தது. மஞ்சள் பள்ளிப் பேருந்தை வேறு யாரோ ஓட்டிப் போவதுபோல் கண்முன்னே தெரிந்தது. அவர் அரசு வக்கீலின் பக்கம் குனிந்து, பழைய ஏற்பாடு இன்னும் இருக்கிறதா என்று கிசுகிசுத்தார். வக்கீல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நீதிபதியும் ஒப்புக்கொண்டார்.

வெளியே படியிறங்கும்போது ஆர்லீன் அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"வகுப்பு எப்போன்னு கேக்கணும்" என்றார்.

"வியாழக்கிழமை சாயங்காலம். போன வாரமே பேர் குடுத்துட்டேன்."

டெல்பர்ட் அங்கேயே நின்றுவிட்டார். "நான் வாயைத் திறக்காம உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நீங்களா?" என்றாள் ஆர்லீன்.