பதினெட்டு வினாடியில் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். அங்கு நீயும் உன் ஆய்வுக்கூடத்தாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், கருவி எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது.

பேச்சும் கைகாலும் ஓய்ந்து படுத்திருக்கும் மனிதரின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் அல்ட்ராசவுண்டை வைத்து, மூளையில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடிக்கிறாயே, உன் அறிவை மெச்சுகிறேன். திரையில் காட்டும் எழுத்தில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் அடுக்கினால் ரத்தம் வேகமெடுக்கும், அது 'ஆம்'. சும்மா இருந்தால் 'இல்லை'. ஹார்டுவேர் கடை வைத்திருந்த உன் அத்தானிடம் 'ஆ' என்று காட்டினால் ஆணி, ஆக்சா பிளேடு என்று அடுக்கிவிடுவார்.

முன்பு ஒரு பதிலுக்கு ஒரு நிமிடம் ஆனது. தலையணையை உயர்த்தட்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உயர்த்தி, முகம் துடைத்து, திரைச்சீலையும் இழுத்து முடித்துவிடுவேன். அவர் வாய் பேசிய காலத்தையும் சேர்த்து, கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக இப்படித்தான் குடும்பம் நடந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீ வந்தாய், பதினெட்டு வினாடியாகக் குறைத்தாய், கைகுலுக்கிவிட்டுப் போனாய். ஜன்னலைச் சாத்தட்டுமா, இல்லை. சூப் தரட்டுமா, இல்லை. உங்கள் தங்கை வந்திருக்கிறாளே சந்தோஷமா என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கேட்டேன், இல்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனவள்தான், இன்னும் போன் எடுக்கவில்லை. அவர் படுத்த இந்த ஐந்து மாதமாக மாலைதோறும் அவருக்காகப் பாடுகிறேன். நேற்று மரியாதைக்காகப் பாடட்டுமா என்றேன், சுருதி பிடிப்பதற்குள் 'இல்லை' வந்துவிட்டது. இதற்குத்தான் அத்தனை பேர் கண்விழித்து ஆராய்ச்சி செய்தீர்களா?

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. மனிதர் இத்தனை வருடமும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாரோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ? தயவுசெய்து வந்து பழையபடி ஒரு நிமிடமாக்கிவிடு. முடியாவிட்டால் கருவியையே கழற்றிக்கொண்டு போ.

உன் அறிவு கொஞ்சம் ஓய்வெடுத்து, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு, "என்கூட வாழ்ந்ததுல உங்களுக்கு நிம்மதி இருந்துச்சா?" என்று கேட்டேன். சும்மா இருந்தாலே 'இல்லை' வந்துவிடும் என்பதால் திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்து நின்றேன். திரும்பினால் 'ஆம்' என்று இருக்கிறது. நீ வர வேண்டாம், கருவி இருக்கட்டும். ஆனால் பதினெட்டு வினாடி ரொம்ப அதிகம் தம்பி, மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. இன்னும் குறைக்க முடியுமா பார்.