மூக்குக்கு ஒரு வாரம் லீவு

தோசைக்கல்லில் இருந்து புகை கிளம்பியது. கொளஞ்சியப்பன் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தார். காற்று வந்தது. காற்றோடு வரவேண்டியது வரவில்லை.

செம்மண்டலத்துப் பக்கம் பொன்னுரங்கம் முதலாளியின் பழைய பிளாஸ்டிக் பட்டறையில் கொளஞ்சியப்பனுக்கு ஒரே ஒரு வேலைதான். உடைந்த வாளி, குடம், சேர், பைப் என்று மூட்டை மூட்டையாக வரும். அவர் மூட்டைக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து, அடுப்பில் காயும் தோசைக்கல்லில் போட்டு, அது இளகிப் புகையும்போது மோந்து பார்ப்பார். மெழுகுவத்தி அணைத்த வாசனை என்றால் பாலித்தீன். அதோடு லேசாக டீசல் கலந்தாற்போல இருந்தால் பாலிபுரொப்பிலீன். பட்டறையில் அதற்குப் பெயர் பி.பி. முடி பொசுங்கிய நாற்றம் என்றால் நைலான். ஆசிட் பாட்டிலைத் திறந்த நெடி என்றால் பி.வி.சி. பார்த்ததும் மூட்டையின் மேல் சாக்பீஸால் எழுதிவிடுவார். அவர் எழுதினதுதான் சட்டம்.

இந்த பி.வி.சி. இருக்கிறதே, அது தனியாக இருக்கும்வரை சாது. தண்ணிக் குழாயாக ஐம்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். ஆனால் பி.பி. உருகுகிற சூட்டில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கருகி, கண்ணைக் கரிக்கும் புகையைக் கக்கி, மெஷினின் உள் இரும்பையே அரித்துவிடும். முதலாளி கோயம்புத்தூரில் இருந்து புது மெஷின் இறக்கியிருந்தார். பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாகத் தள்ளும் மெஷின். வந்த அன்று அதற்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கொளஞ்சியப்பனைப் பக்கத்தில் நிறுத்தி, "யோவ் கொளஞ்சி, இது ஒன் மூக்க நம்பித்தான் ஓடுது" என்று சொல்லியிருந்தார்.

அந்த மூக்குதான் இப்போது வேலை நிறுத்தம் செய்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் மூக்கு போய்விட்டால் மனுஷன் வேறு எந்தப் பட்டறைக்குப் போய் என்ன வேலை கேட்பான்?

நேற்று சாயங்காலமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுப்பில் இருந்த கருவாட்டுக் குழம்பு தீய்ந்து தெருவே இருமிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த மனைவி சௌந்தரம் ஓடி வந்து சட்டியை இறக்கினாள்.

"ஏங்க, மூக்கு இருக்குதா இல்லியா ஒங்களுக்கு?"

"ஜலதோஷம்டி. நாலு நாளா மழையில நனையறேன் இல்ல."

"ஆமா, மத்த நாள்ல மட்டும் மோப்பம் புடிச்சிக் கிழிச்சிட்டீங்க" என்றாள் சௌந்தரம். பெண்டாட்டிகள் கோபத்தில் சொல்வதையெல்லாம் கணக்கில் வைத்தால் குடும்பம் நடத்த முடியாது என்று அவர் அதை விட்டுவிட்டார்.

இப்போது தோசைக்கல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வேர்த்தது. 2009 ஐப்பசி மாதம், வெளியே சோவென்று மழை. அப்படியும் வேர்த்தது.

"கொளஞ்சி!" உள்ளே இருந்து முதலாளியின் குரல். "இன்னிக்கு சிதம்பரம் லோடு வருதுய்யா. நாலு கல்யாண மண்டபத்து ஒடஞ்ச சாமான் பூரா நமக்குத்தான். இன்னிக்கே பிரிச்சி, இன்னிக்கே மெஷின்ல ஏத்தணும். ரெடியா இரு."

"ரெடியாதான் மொதலாளி இருக்கேன்" என்றார் கொளஞ்சியப்பன். குரல் மட்டும் அவர் சொன்னதை நம்பவில்லை.

அடைத்த மூக்கைத் திறக்க ஒரு வழி இருந்தது. எதிரே பெட்டிக்கடையில் மூக்குப்பொடி வாங்கி, இரண்டு பக்கமும் தாராளமாக ஏற்றிக்கொண்டு வந்தார். மூக்கு திறக்கவில்லை. தும்மல் திறந்தது.

முதல் தும்மலில் கண்ணாடி கழன்றது. இரண்டாவதில் அடுப்பு அணைந்தது. மூன்றாவது வரும்போது அவர் நின்ற இடம் சரியில்லை. இடது பக்கம் அரைத்து வைத்த வெள்ளைத் தூள் குவியல், வலது பக்கம் நீலத் தூள் குவியல். தொடர்ந்து ஒன்பது தும்மல். கடைசியில் வெள்ளை எது நீலம் எது என்று தெரியாமல் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "என்னய்யா இது? ஒடம்பு சரியில்லியா? மூக்கு வேற தக்காளியாட்டம் செவந்து கெடக்குது."

"தூசி மொதலாளி. மூக்கு கூர்மையா இருந்தா தூசி ஜாஸ்தி தெரியும்."

"அதுவும் சரிதான்" என்று முதலாளி பெருமையோடு தலையாட்டினார். "முத்தம்மா, இத அள்ளிப் பிரி!"

முத்தம்மாள் பட்டறையில் சாமான் பிரிக்கிற நாலு பெண்களில் மூத்தவள். மறுபேச்சு பேசாமல் சல்லடையோடு வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் கொளஞ்சியப்பனுக்கு ஒரு யோசனை பளிச்சென்றது. நம் மூக்கு போனால் என்ன, ஊரில் வேறு மூக்கே இல்லையா?

அவர் அடுப்பைப் பற்ற வைத்து ஒரு துண்டைக் கல்லில் போட்டார்.

"முத்தம்மா, இங்க வா. எத்தினி வருஷமா வேலை செய்யிற, தொழில் கத்துக்க வேணாமா? இத மோந்து பாரு. என்னா வாசனன்னு சொல்லு, நீ சரியாச் சொல்றியான்னு பாக்கறேன்."

முத்தம்மாள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து மோந்தாள். "மெழுகுவத்தி அணைச்சாப்புல இருக்குதுண்ணே."

"ம்... அப்ப என்னா?"

"பாலித்தீன்."

"சபாஷ்!" என்றார் கொளஞ்சியப்பன். நிம்மதியில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மூட்டையில் பாலித்தீன் என்று எழுதினார். அடுத்த துண்டு, அடுத்த மூட்டை. பத்து மூட்டை மளமளவென்று முடிந்தது. அவள் ஒன்றுக்குக்கூடத் திணறவில்லை. நாம் சொல்லிக்கொடுக்கிற விதம் அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பதினோராவது மூட்டைக்குத் திரும்பினால் பின்னால் முதலாளி நிற்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எவன்யா தன் தொழில அடுத்தவங்களுக்கு சொல்லித் தருவான்? நீ பெரிய மனுஷன்யா கொளஞ்சி. நானே கேக்கலாம்னு இருந்தேன், ஒனக்கும் வயசாவுது. நீயே ஆள் தயார் பண்ணிட்ட. இந்தப் பொங்கலோட நீ ரெஸ்ட் எடுத்துக்க. முத்தம்மா பாத்துக்கட்டும்."

கொளஞ்சியப்பன் சாக்பீஸைக் கீழே போட்டார். "ஐயையோ மொதலாளி, அவளுக்கு ஒண்ணும் வராது! சும்மா வெளயாட்டுக்கு! எல்லாத்தையும் தப்பாச் சொல்றா!"

"எல்லாத்துக்கும் நீ சபாஷ் சொன்னியே?"

"அது... ஊக்கம் குடுக்கறதுக்கு."

முத்தம்மாள் சல்லடையைத் தட்டினாள். அவளை இனிமேல் கிட்டத்தில் சேர்ப்பது வேலைக்கே உலை என்று கொளஞ்சியப்பனுக்குப் புரிந்தது. "போ, போயி ஒன் வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டார். பாவம், பத்து மூட்டைக்கு மோந்து கொடுத்தவளுக்கு அதுதான் மரியாதை.

பதினோரு மணிக்குச் சிதம்பரம் லோடு வந்து இறங்கியது. கைபோன சேர், கால்போன சேர், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற ஜக்கு, சமையல்கட்டு டிரம், எங்கோ பிடுங்கிப்போட்ட குழாய்த் துண்டுகள். மலைபோலக் குவிந்ததைப் பார்த்ததும் கொளஞ்சியப்பனுக்கு அழுகை வந்தது. இதற்குள் எங்காவது பி.வி.சி. ஒளிந்திருந்தால்?

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அட, மூக்கு எதற்கு? பாலித்தீனும் பி.பி.யும் தண்ணீரில் மிதக்கும். பி.வி.சி. முழுகும். கண் இருந்தால் போதும்!

ஒரு ஜக்கை உடைத்துப் போட்டார். மிதந்தது. டிரம் மிதந்தது. குழாய்த் துண்டு கல்லாட்டம் உள்ளே போனது. கொளஞ்சியப்பனுக்கு உயிர் வந்தது. ஒரு சேர் காலை வெட்டி வீசினார்.

முழுகிவிட்டது.

இன்னொரு சேர். அதுவும் முழுகியது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சேர் மூட்டைகள் எல்லாவற்றிலும் பி.வி.சி. என்று எழுதித் தள்ளிக்கொண்டே போனார். பாதி லோடு ஓரத்துக்குப் போய்விட்டது.

"யோவ்!" முதலாளி ஓடி வந்தார். "சேரு எப்பய்யா பி.வி.சி. ஆச்சு? நான் பொறந்ததுலேருந்து சேருன்னா பி.பி.தானே? அப்புறம் எதுக்குத் தண்ணியில போட்டுக்கிட்டு இருக்க? மோந்து பாக்கல?"

"கழுவிட்டு மோந்தா சுத்தமா தெரியும் மொதலாளி. இது... சிதம்பரத்துல புது மாதிரி சேரு போல."

"கல்யாணத்துக்கு எவன்யா பி.வி.சி. சேரு போடுவான்!"

கொளஞ்சியப்பன் தொட்டிக்குள் கையை விட்டு முழுகின சேர் காலைத் தேடினார். முத்தம்மாள்தான் தலை நிமிராமலே சொன்னாள். "மட்ட சேருல சுண்ணாம்பு மாவு ஜாஸ்தி கலந்துருப்பாங்க மொதலாளி. வெலை கொறையணும் இல்ல. அந்த கனத்துல முழுவுது. பி.பி.தான் அது."

"ஒனக்கு யாரு சொன்னது?" என்றார் கொளஞ்சியப்பன்.

"அண்ணன்தான் எப்பவோ சொன்னீங்க."

அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை. இருந்தாலும், "ஆமா, சொன்னேன்" என்றார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க பாரு கொளஞ்சி. காலையிலேருந்து நீ சரியில்ல. ஒரு மூட்டை மாறுச்சின்னா எம் மெஷின் காலி, மெஷின் போனா நானும் காலி. மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின் சூடாவுது. அதுக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்கா மோந்து எழுதி வையி. தப்பு வந்துச்சி, அப்புறம் நீ இங்க வர வேணாம்."

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. அடுப்பை மூட்டி, வாசனை இல்லாத புகையை மூட்டைக்கு மூட்டை மோந்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை எழுதினார். சேர்களை பி.பி. என்று திருத்தினார். மற்றதெல்லாம் அவன் விட்ட வழி.

பிறகு வழக்கம்போலச் சாப்பிட வீட்டுக்குப் போனார். சௌந்தரம் சோறு போட்டாள். ஒரு கவளம் இறங்கவில்லை. கண்ணை மூடினால் மெஷின் கருகிப் புகைகிறது. மாலை போட்டு நின்ற மெஷின். பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பொன்னுரங்கம். நல்ல மனுஷன். பொங்கலுக்குத் தனக்கு வேட்டி எடுக்கிற கடையிலேயே இவருக்கும் எடுக்கிற மனுஷன்.

"என்னங்க, ஒடம்புக்கு என்னா?"

"போச்சு சௌந்தரம், எல்லாம் போச்சு" என்று அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து மழையில் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

பட்டறையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அரைத்த தூளைக் கூடையில் தூக்கிக்கொண்டு முத்தம்மாள் படி ஏறியிருந்தாள். கூடை சாய்ந்துகொண்டிருந்தது.

"கொட்டாத! கொட்டாதடி!" கொளஞ்சியப்பன் பாய்ந்து மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சூடு உறைத்தது, விடவில்லை. "மொதலாளி! மெஷின நிறுத்துங்க! எனக்கு மூக்கு போச்சு!"

முதலாளி சுவிட்சை அணைத்தார். பட்டறையே அமைதியானது. நாலு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"ஜலதோஷம் வந்து நேத்துலேருந்து ஒரு வாசனையும் தெரியல மொதலாளி. வேலை போயிடுமேன்னு பயந்து மறச்சிட்டேன். இன்னிக்கு எழுதினது பூரா பொய். பி.வி.சி. எதுல இருக்கோ எனக்குத் தெரியாது. என்ன வெட்டிப் போடுங்க. மெஷின மட்டும் கெடுத்துடாதீங்க!" சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பொன்னுரங்கம் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினார்.

"பைத்தியக்காரா. ஜலதோஷம் யாருக்கு வரல? இதுக்கா இந்த ஆட்டம் ஆடின? எம் மெஷினுக்காக ஒன் வேலையே போனாலும் பரவாயில்லன்னு ஓடி வந்தியே, ஒன்ன நான் விடுவனா? பொங்கலும் கெடையாது, ரெஸ்ட்டும் கெடையாது. நீ இருக்கற வரைக்கும் இங்க ஒன் மூக்குதான்யா. ஒரு வாரம் லீவு எடுத்துக்க. ஆவி புடி, மொளகு ரசம் குடி, மூக்கோட வா."

கொளஞ்சியப்பனுக்கு நம்பவே முடியவில்லை. முதலாளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அது சரி" என்று முதலாளி மூட்டைகளைப் பார்த்துக் கவலையோடு தாடையைச் சொறிந்தார். "இந்த ஒரு வாரத்துக்கு யாரு பாக்கறது? மெட்ராசுலேருந்துதான் ஆள் வரவழைக்கணுமா?"

முத்தம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அண்ணனுக்கு ஒத்தாசை செய்கிற நல்ல எண்ணத்தோடு சொன்னாள்:

"அதுக்கு எதுக்கு மொதலாளி மெட்ராசு ஆளு? மூணு வருஷத்துக்கு முன்னால சிக்குன்குனியா வந்து அண்ணனுக்கு மூக்கு மந்தமாயி தப்புத் தப்பா எழுத ஆரம்பிச்சாரே, அன்னியிலேருந்து அவரு சாப்புடப் போனதும் அவரு எழுதினத அழிச்சிட்டு நாங்கதானே சரியா எழுதி வைக்கிறோம்!"